தானே ஒட்டும் படங்கு

பழனியாண்டிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கொடுத்த பெரிய மருந்து ‘ஓய்வு’. மாத்திரையாக இருந்தால் தண்ணீர் குடித்து விழுங்கியிருப்பார். ஓய்வை எந்தப் பக்கமாக விழுங்குவதென்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியவில்லை.

விடிந்தால் அடுப்படிக் குசினிக்கும் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கும் நடை. கோழிக்கூட்டைத் திறப்பார், மூடுவார், எண்ணிக்கை சரியா என்று பார்க்க மறுபடி திறப்பார். குழாயடியில் யாராவது தண்ணீர் பிடித்தால் அதற்கும் யோசனை சொல்லுவார். தொங்கலில் கடைசி வீட்டுப் பிரியந்தி ஒருநாள், “மாமா, ஒங்களுக்கு இடுப்பு நல்லா வரணும்னு நாங்க அத்தன பேரும் நேந்துக்கிட்டிருக்கோம். அப்பத்தான் எங்களுக்கு நிம்மதி” என்று சொல்லியே விட்டாள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அன்று முழுவதும் குழாயடிப் பக்கம் போகவில்லை.

அவருடைய பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டிவிட்டார்கள். வேலையாட்களின் பெயரெல்லாம் இருக்கும் அந்தப் பெரிய புத்தகத்தில் இப்போது அந்த வீட்டுக்கு மிஞ்சியிருப்பது மனைவி பூரணியின் பெயர் ஒன்றுதான். மகன் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான். மகள் நிஷாந்தியைப் பூண்டுலோயாவில் கட்டிக் கொடுத்தாயிற்று. எல்லாம் அந்த ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் தனிவீடு கட்டப் போகிறார்கள், குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, சொந்த உறுதிப் பத்திரம். ஜூலைக் கடைசியில் லிஸ்ட் முடிவாகும். ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆள் உள்ள குடும்பத்துக்குத்தான் முதல் இடம் என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கஜேந்திரன் சொன்னதைப் பழனியாண்டி தன் காதாலேயே கேட்டிருந்தார். மழை வந்தால் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டிய வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருப்பவனுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. கொழுந்து எடுக்கும் பெண்களின் உடம்பைப் பற்றிக் கேட்பார்களாம், அலுப்பு, அசதி எல்லாம் எழுதிக்கொண்டு போவார்களாம். பழனியாண்டிக்கு வேலை கிடைத்துவிட்டது. சாயந்தரமே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு லயம் முழுக்க ஏறி இறங்கினார்.

“இந்தா பாருங்க, அலுப்பு கிலுப்புன்னு எவளும் வாயத் தொறந்துடாதீங்க. எழுதுற தாளு எங்க போகும்? ஆபிசுக்குப் போகும். இந்தப் பொம்பளையால முடியலையாம்னு பேர வெட்டுவாங்க. பேரு போனா லிஸ்ட்டும் போச்சு. வெளங்குதா?”

வெளங்கிற்று. எல்லோருக்கும் லிஸ்ட் இருந்தது.

மறுநாள் நல்ல மழை. வேலை முடிந்த நேரமாகப் பார்த்து ஒரு பெண் குடையும் பெரிய பையுமாக வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும். சப்பாத்தில் ஏறியிருந்த அட்டைப்பூச்சியைத் தானே பிடுங்கி எறிந்தாள். அதைப் பார்த்ததுமே வெளியூர் ஆள் இல்லை என்று பழனியாண்டிக்குத் தெரிந்துவிட்டது.

“நான் ஜொய்சி, அங்கிள். கண்டியில வேல. ஆனா பொறந்தது நோட்டன் பிரிட்ஜ்ல தோட்டத்துலதான். எங்கம்மாவும் கொழுந்துதான் எடுத்தாங்க.”

“அப்ப நம்ம புள்ள. குந்துங்க மிஸ். பூரணி, மிஸ்ஸுக்கு சாயத்தண்ணி போடு.”

ஜொய்சி பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துப் பிரித்தாள். பனிக்கும் குச்சிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் படங்குதான் அது. ஆனால் சாம்பல் நிறம். ஆட்டுக்குட்டியின் காதுபோல மெத்தென்று இருந்தது.

“இது கிழிஞ்சா தானே ஒட்டிக்கும், அங்கிள்.”

பழனியாண்டி பூரணியைப் பார்த்தார். பூரணி நிலத்தைப் பார்த்தாள். சிரித்துவிடுவோமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

“தானேன்னா?”

“இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கண்ணிங்க இருக்கு. கிழியிறப்ப அதுங்க கைய விட்டுடும். ரெண்டு ஓரத்தையும் ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி வச்சு, கொஞ்சம் சூட்டுல ஒரு ராத்திரி விட்டா, திரும்பக் கையக் கோத்துக்கும். எங்க ஆராய்ச்சிக் கூடத்துல நல்லா ஒட்டுது. இந்தக் குளிருலயும் ஈரத்துலயும் ஒட்டுமான்னு பாக்கத்தான் முப்பது பேருக்கு ஆறு வாரத்துக்குக் குடுக்கிறோம்.”

“நாம என்னா செய்யணும்?”

“ஒண்ணுமே செய்யக் கூடாது. அடுப்புச் செவத்துக்கிட்ட மடிச்சுப் போட்டுட்டு சும்மா விட்டுடணும். அதுதான் முக்கியம்.”

சும்மா விடுவதைப் பற்றி யாரிடம் வந்து சொல்கிறாள் பாருங்கள்!

பிறகு அவள் தாளை எடுத்தாள். பதினைந்து கேள்விகள். ஒருபோதும் இல்லை என்றால் பூச்சியம், தினமும் என்றால் ஆறு. வேலையிலேயே மனுசர் எப்படி எரிந்து தீர்ந்துபோகிறார்கள் என்று பார்க்கிற ஆராய்ச்சி இது, யாருடைய பேரும் வெளியே போகாது என்று ஜொய்சி விளக்கினாள். பூரணி கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“காலையில எழும்புறப்பவே, ஒடம்புல ஒண்ணும் மிச்சமில்லங்குற மாதிரி இருக்குமாக்கா?”

பூரணி வாயைத் திறந்தாள். பழனியாண்டி இருமினார்.

“இல்ல மிஸ்.”

“கையி காலு நடுங்குறது? மறதி? யாரப் பாத்தாலும் எரிச்சல்?”

“இல்ல மிஸ். ஒண்ணுமில்ல.”

“வாரத்துல ஒரு நாளாவது?”

“நல்லாத்தான் மிஸ் இருக்கேன்.”

ஜொய்சி பதினைந்து பூச்சியம் போட்டாள். அடுத்த வீட்டிலும் பதினைந்து, அதற்கடுத்த வீட்டிலும் பதினைந்து. லயத்தின் கோடிக்குப் போகிறபோது அவள் முகம் கொஞ்சம் குழம்பியிருந்ததைப் பழனியாண்டி கவனித்தார். காரியம் ஜெயித்த சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாளே படங்கு கிழிந்தது. கவ்வாத்து வெட்டிய குச்சி ஈட்டி மாதிரி நிற்கும், குத்தினால் எதுவும் தாங்காது. சாண் நீளத்துக்குக் கிழிசல். பூரணி அதை மிஸ் சொன்னபடி மடித்து அடுப்புச் சுவரோரம் போட்டுவிட்டு ரொட்டிக்கு மா பிசையப் போனாள். பழனியாண்டி போய்ப் பார்த்தார். ஒட்டவில்லை. கட்டச்சம்பல் இடித்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் ஒட்டவில்லை. கொஞ்சம் தூக்கிப் பார்த்தார், கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பிறகு சாக்குத் தைக்கிற ஊசியையும் உரப்பை நைலோன் நூலையும் தேடி எடுத்தார்.

“ஏங்க, தொடக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்கல்ல?”

“தானே ஒட்டுனா ஒட்டட்டும், நான் வேணாம்னா சொல்றேன்? ஒட்டலன்னா என்னா செய்வ? குடுத்த சாமானக் கிழிச்சுத் திருப்பிக் குடுத்தா பழனியாண்டி பொண்டாட்டின்னு பேரு வேணுமா? தையலும் இருக்கட்டும், ஒட்டும் இருக்கட்டும்.”

தோட்டத்தில் அது ஒரு மானப் பிரச்சினை. கூடையோ கத்தியோ கொடுத்தது கொடுத்தபடி திரும்பிப் போக வேண்டும். கிழிந்ததைத் தைக்காமல் கொண்டுபோய் நீட்டுகிறவள் வீட்டில் என்ன பொம்பளையாக இருப்பாள் என்று பேசுவார்கள். அதனால் தையல் பிரமாதமாக விழுந்தது. மறுநாள் பிரியந்தி தன்னுடையதைக் கொண்டு வந்தாள். அதற்கு மறுநாள் நாலு பேர்.

அந்த ஆறு வாரமும் பழனியாண்டி ராஜாவாக இருந்தார். சாயந்தரமானால் இஸ்தோப்பில் படங்குகள் குவியும். ஒருத்தி நாலு போஞ்சி கொண்டு வருவாள், ஒருத்தி மரவள்ளிக்கிழங்கு. “இது யாருது, நாகலெட்சுமியோடதா? கொழுந்து எடுத்தியா, குச்சியோட மல்லுக்கு நின்னியா?” என்று கேலி பண்ணிக்கொண்டே தைப்பார். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த ஜொய்சிக்கு, பாதையில் மண் சரிந்து வர முடியவில்லை. அதனால் தடுக்கவும் ஆளில்லை.

அவருக்கு ஒன்று மட்டும் தெரிந்தும் தெரியாதது மாதிரி இருந்தது. பூரணி சரியில்லை. மழையில் நனைந்து வருவாள், ஈரத்தை மாற்றுவாள், சோற்றில் கை வைப்பாள். கை அப்படியே நிற்கும். கண் மூடியிருக்கும்.

“சோறு ஆறுது புள்ள.”

திடுக்கிட்டு விழித்து இரண்டு கவளம் தின்பாள். ஒருநாள் உப்பென்று நினைத்துச் சீனியைக் குழம்பில் போட்டாள். இன்னொரு நாள் பிரியந்தி வந்து மெதுவான குரலில் சொன்னாள்.

“மாமா, இன்னிக்கு அக்கா தேயில நெரையில நின்னபடியே தூங்கிட்டாங்க. கையில கொழுந்து, கண்ணு மூடிக் கெடக்கு. நான் போயி தொட்டதுக்கு அப்புறந்தான் முழிச்சாங்க. கீழ பள்ளம் மாமா.”

“கண்ணுல தூசி விழுந்திருக்கும்.”

“இந்த மழையில எங்க மாமா தூசி?”

பழனியாண்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். லிஸ்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் போட்டதற்காக அவருக்கே அவர்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் போட்டார்.

ஜூலை மூன்றாம் வாரம் ஜொய்சி வந்தாள். பழைய படங்கைக் கட்டிக்கொண்டு போன பெண்கள் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. முப்பது படங்கையும் பழனியாண்டியே அழகாக மடித்து அடுக்கி வைத்திருந்தார். மேலே இருந்ததை எடுத்து விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை.

“இது யாரு அங்கிள் தைச்சது?”

“நான்தான்” என்றார். பாராட்டுக்குத் தயாராகவே நின்றார். “இருபத்தேழு தைச்சேன் மிஸ். மூணு கிழியல.”

ஜொய்சி உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“தைச்சா நூலு ஓரத்த இழுத்துப் புடிச்சுக்கும் அங்கிள். அது தானா ஒட்டுச்சா, நூலுதான் புடிச்சுக்கிட்டு இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஆளுங்க மூணு வருசமா இந்தப் படங்கச் செஞ்சாங்க. சும்மா விடுங்கன்னு தானே சொன்னேன்?”

“கிழிஞ்சதப் பாத்துக்கிட்டு எப்படி மிஸ் சும்மா இருக்கிறது?”

அவள் தையலைத் தடவிப் பார்த்தாள்.

“படங்குச் சோதனையயாவது இன்னொரு தடவ செஞ்சுக்கலாம். கேள்விதான் பெரச்சின அங்கிள். முப்பது பேரும் பூச்சியம். எங்கம்மா வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டாமலே விழுந்து கெடப்பாங்க, நான்தான் கழட்டி விடுவேன். எனக்குத் தெரியாதா? ஆனா சொன்னதத்தான் எழுத முடியும். தோட்டத்துக்குள்ள விடுறதுக்கு, மொதல் ரிப்போட் ஆபிசுக்குக் குடுக்கணும்னு பேச்சு. குடுத்துட்டேன். பேரு இல்ல, மொத்தக் கணக்கு மட்டுந்தான். இந்த டிவிசன்ல யாருக்கும் வேலைக் களைப்பு இல்லன்னு வந்திருக்கு.”

தான் வீடு வீடாக ஏறி இறங்கியதைச் சொல்லப் பழனியாண்டி வாயெடுத்தார். சொல்லவில்லை.

“சனிக்கிழம காலையில பெரட்டுக்கு வாரேன்” என்றாள் ஜொய்சி. “பேரு கூப்புடுற எடத்துலயே வச்சு மறுபடி கேக்குறேன். அப்பவும் பூச்சியம்னா, நான் ஒண்ணும் செய்ய முடியாது அங்கிள்.”

அவள் கீழே இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்தார்கள். வழக்கமான சத்தம் இல்லை. பூரணி ஈரத்தைக்கூட மாற்றாமல் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்தாள்.

“கண்டாக்கையா சொல்லிட்டாரு. ரிப்போட் வந்திருக்காம். ஒங்களுக்குத்தான் அலுப்பே இல்லையாமே, அப்பறம் என்னான்னு கேட்டாரு. திங்கக்கெழமையில இருந்து நாளுக்கு ரெண்டு கிலோ கூட எடுக்கணும்.”

“எவன் சொன்னான் அலுப்பில்லன்னு?”

“நான்தான் சொன்னேன்” என்றாள் பூரணி. “சொல்லச் சொன்னது நீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் திருப்பிக் கத்தியிருப்பார். அவள் குரலில் கோபம் வைக்கக்கூட எதுவும் மிச்சமில்லாமல் இருந்தது. பழனியாண்டி போய் அடுப்பை ஊதினார். சாயத்தண்ணியைக் கொண்டு வந்து கையில் கொடுத்தார். கோப்பை அவள் கையில் நடுங்கியது. ஆறு வாரமாக அது நடுங்குவதைப் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

“மிஸ் சனிக்கிழம திரும்பக் கேக்க வாராங்க. உண்மையச் சொல்லிடு பூரணி.”

“வீடு?”

“அதப் பாத்துக்கலாம்.”

“எப்படிப் பாத்துக்கலாம்? லிஸ்ட்டுக்கு இன்னும் பத்து நாளு. இத்தன மாசம் போனவ பத்து நாளு போக மாட்டேனா? நான் இல்லன்னுதான் சொல்லுவேன்.”

“ரெண்டு கிலோ கூட எடுக்க ஒன்னால முடியுமா புள்ள?”

பூரணி கோப்பையைக் கீழே வைத்தாள். “முடியுமா முடியாதான்னு இத்தன நாளுல ஒரு தடவ கேட்டீங்களா? படங்கு கிழிஞ்சிருக்கான்னு தெனம் பாத்தீங்க.”

மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. அவள் பழக்கத்தில் எழுந்து போய் மூன்று சட்டிகளையும் அதனதன் இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கிருந்தபடியே சொன்னாள், “சட்டி வைக்காம ஒரு மழையில படுத்துத் தூங்கணும். அதுக்கு எத்தன நாளு தூங்காம இருக்கணும்னாலும் இருப்பேன்.”

அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அடுத்த இரண்டு நாளும் அவர் கோழிக்கூட்டுப் பக்கம் போகவில்லை. குழாயடியில் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. உட்கார்ந்தால் எழும்பினார், எழும்பினால் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை விடிகாலை வழக்கம்போல அவர்தான் முதலில் எழுந்தார். ரொட்டி சுட்டார். சம்பல் அரைத்துப் பொட்டலம் கட்டினார். பூரணி எழும்பவில்லை. இத்தனை வருடத்தில் ரொட்டி வாசனைக்கு எழும்பாத நாள் கிடையாது. கிட்டே போய்ப் பார்த்தார். கம்பளிக்கு வெளியே ஒரு கை நீட்டிக் கிடந்தது. விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை கறுத்துப் பிளந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் கை வைத்தார். காய்ச்சல் இல்லை.

லயத்தில் கதவுகள் திறந்து மூடின. பிரியந்தி வெளியிலிருந்து “அக்கா, போவமா?” என்று கூப்பிட்டாள்.

எழுப்பக் கையை நீட்டினார். தோளுக்கு நாலு விரல் தூரத்தில் கை நின்றது. எழுப்பினால் இவள் எழுந்துவிடுவாள். படங்கைக் கட்டுவாள். பெரட்டுக்குப் போய் மிஸ்ஸிடம் பூச்சியம் சொல்லுவாள். திங்கட்கிழமை இரண்டு கிலோ கூட எடுப்பாள். நிரையில் நின்றபடி தூங்குவாள், கீழே பள்ளம். கையை இழுத்துக்கொண்டு கதவை ஓசைப்படாமல் சாத்தினார். ஊன்றுகோலை எடுத்தார்.

பெரட்டுக் களத்துக்கு நூற்றுச் சொச்சம் படி. இடுப்புப் போன பிறகு அவர் அந்தப் படியேறியதில்லை. பாதியில் இரண்டு தடவை நின்றார். மேலே போய்ச் சேர்ந்தபோது கஜேந்திரன் செக்ரோலை விரித்து வைத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஒரு பக்கமாக ஜொய்சி தாளோடு நின்றாள்.

“பூரணி.”

சத்தமில்லை.

“பூரணி!”

“வரல்லீங்க ஐயா” என்றார் பழனியாண்டி. எல்லோரும் திரும்பினார்கள். மூச்சு வாங்கியது அவருக்கு.

“என்னா பழனியாண்டி, நீ ஏறி வந்திருக்க? சொகமில்லையா அவளுக்கு?”

“தூங்குறா.”

யாரோ சிரித்தார்கள். கஜேந்திரனும் சிரித்தார். “தூங்குறான்னா எழுப்பி அனுப்பு. கொழுந்து நெறஞ்சு கெடக்கு.”

“எழுப்பலீங்க. எழுப்ப மனசு வரல. காய்ச்சல் இல்ல, வயித்து வலி இல்ல. அலுப்பு. ஆறேழு மாசமா அலுப்பு. சோத்துல கைய வச்சுக்கிட்டுத் தூங்குறா, மலையில நின்னபடி தூங்குறா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” அவர் ஜொய்சியின் பக்கம் திரும்பினார். “மிஸ், அன்னிக்கு இல்லன்னு சொல்லச் சொன்னது நான். இந்தப் பொம்பளைங்க அத்தன பேருக்கும் சொல்லிக் குடுத்தது நான்தான். அவங்க மேல தப்பில்ல.”

கஜேந்திரன் பேனாவால் புத்தகத்தைத் தட்டினார். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

“லிஸ்ட்டு முடியப் போவுது, தெரியும்ல? இப்ப என்னான்னு போடுறது நான்? லீவுன்னு போடவா, சொகமில்லன்னு போடவா?”

“அலுப்புன்னு போடுங்க ஐயா.”

“அப்படி ஒண்ணு இதுல இல்ல பழனியாண்டி.”

“இல்லன்னா எழுதிக்கங்க.”

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குக் கால் வரவில்லை. படியைப் பார்த்து நடந்தார். முதுகுக்குப் பின்னால் ஜொய்சி யாரிடமோ முதல் கேள்வியைக் கேட்கிற சத்தம் கேட்டது. பதில் வர நேரமாயிற்று. வந்தபோது அது பிரியந்தியின் குரலாக இருந்தது, என்ன சொன்னாள் என்று காற்றில் விளங்கவில்லை.

நாலு வளைவு இறங்கியிருப்பார். கீழேயிருந்து பூரணி ஓடி வந்தாள். தலை வாரவில்லை. படங்கு பாதிதான் கட்டியிருந்தது. கூடை தோளில் ஒரு பக்கமாக ஆடியது.

“ஏன் எழுப்பல? எங்க போயிட்டு வாறீங்க? பேரு கூப்பிட்டாச்சா?”

“கூப்பிட்டாச்சு.”

“என்னா சொன்னீங்க?”

“தூங்குறான்னு சொன்னேன்.”

அவள் முகம் வெளிறியது. “அத்தன பேருக்கும் முன்னாலயா? ஐயோ, வீடு போச்சே. வழிய விடுங்க, நான் போயி சொல்லிக்கிறேன்.”

ஒற்றையடிப் படி. ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலை. பழனியாண்டி நடுவில் நின்றார். ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்தார்.

“விட மாட்டேன்.”

“பைத்தியமா ஒங்களுக்கு? விடுங்கங்குறேன்!” அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அந்தத் தள்ளில் ஒரு கோழிக்குஞ்சைத் தள்ளுகிற பலம்கூட இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது. இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“வீடு இல்லன்னு வரட்டும், ஒங்கள நான் சும்மா விட மாட்டேன். சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன்.”

“காட்டு.”

“மூச்சு வாங்கட்டும், போயிடுவேன். அஞ்சு நிமிசம்.”

“சரி.”

மேலே கஜேந்திரன் மிச்சப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பனி படியை மூடிக்கொண்டு இறங்கியது. அவள் முழங்காலில் நெற்றியை வைத்து ஏதோ திட்டினாள், பாதியிலேயே திட்டு நின்றுபோனது. பழனியாண்டி குனிந்து கூடைக் கயிற்றை அவள் தோளிலிருந்து மெதுவாகக் கழற்றினார். அவளுக்குத் தெரியவில்லை, தூங்கிவிட்டிருந்தாள். அவருக்கு இடுப்பில் வலி தெறித்தது. உட்கார்ந்தால் மறுபடி எழும்ப முடியாது என்று தெரிந்தும், சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.